வரைபடக் கோடும் ஓடும் பாதையும்: தடங்கல் காலத்தில் ரயில்களை மாற்றுப்பாதையில் செலுத்துவது குறித்து

ரயில் பாதை எங்காவது துண்டிக்கப்பட்டால் நிலைய ஒலிபெருக்கியில் 'மாற்றுப்பாதையில் இயக்கப்படும்' என்ற தொடர் தவறாமல் ஒலிக்கும். அதைக் கேட்பவர் மனத்தில் எழுவது ஒரு சாலைக் காட்சி. மரம் விழுந்த தெருவை விட்டுப் பேருந்து பக்கத்துத் தெருவில் திரும்புவதுபோல ரயிலும் பக்கத்துத் தண்டவாளத்துக்குத் திரும்பிவிடும் என்று நினைக்கிறோம். வலையமைப்புக் கோட்பாட்டின் எளிய வடிவமும் இப்படித்தான் நினைக்கிறது. நிலையங்களைப் புள்ளிகளாகவும் பாதைகளைக் கோடுகளாகவும் வரைகிறது. ஒரு கோட்டை அழித்துவிட்டு, இரு புள்ளிகளையும் இணைக்க வேறு கோடு உண்டா என்று பார்க்கிறது. உண்டென்றால் வலையமைப்பு உறுதியானது என்கிறது.

இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. வரைபடத்தில் உள்ள கோடு மாற்றுப்பாதை ஆவதற்குப் பல தகுதிகள் வேண்டும். அந்தத் தகுதிகளை இடர் நேரும் நாளில் உண்டாக்க முடியாது. தடங்கல் இல்லாத சாதாரண நாட்களில், பெரும்பாலும் 'வீண்செலவு' என்ற பெயரைச் சுமந்துகொண்டு, அவற்றைப் பேணி வந்தால்தான் உண்டு. ஆகவே ஒரு கிளைப்பாதையின் மதிப்பை அதில் விற்ற பயணச்சீட்டைக் கொண்டு அளப்பது பிழையான கணக்கு. அந்தப் பாதை எந்தப் பெரும்பாதைக்குத் துணை நிற்கிறதோ, அதன் ஏட்டில் அந்த மதிப்பை எழுத வேண்டும். இதை நிறுவ ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் நடந்த இரு நிகழ்வுகளையும் தென்னிந்திய அனுபவத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

ராஸ்டாட்: கோடுகள் இருந்தும் வழியில்லை

2017 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியின் தென்மேற்கில், ராஸ்டாட் நகரை அடுத்த நீடர்பூல் என்னும் இடத்தில், ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையின் தண்டவாளங்கள் மண்ணோடு கீழிறங்கின. அந்தப் பாதைக்கு அடியில் சில மீட்டர் ஆழத்திலேயே புதிய சுரங்கப்பாதை ஒன்றைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணை உறைய வைத்துக் கெட்டிப்படுத்தி, மேலே ரயில்கள் வழக்கம்போல ஓட, கீழே துளையிடும் இயந்திரம் முன்னேறுவது என்பது திட்டம். மண் தாங்கவில்லை. மேற்கொண்டு சரியாமல் தடுக்க, சுரங்கத்தின் ஒரு பகுதியைக் கான்கிரீட் கொட்டி நிரப்பினார்கள். விலைமதிப்பு மிக்க அந்த இயந்திரமும் உள்ளேயே புதைந்துபோனது. பாதை மறுபடி திறந்தது அக்டோபர் 2 அன்று. இடைப்பட்டவை 51 நாட்கள்.

அது ஏதோ ஒரு பாதை அல்ல. கார்ல்ஸ்ரூவேயிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெல் வரை ரைன் பள்ளத்தாக்கில் செல்லும் அது, ராட்டர்டாம் துறைமுகத்தை இத்தாலியின் ஜெனோவாவுடன் இணைக்கும் சரக்கு வழியின் நடுத்தண்டு. நாளொன்றுக்கு 200 சரக்கு ரயில்கள் வரை அதில் ஓடின. பயணிகளைப் பொறுத்தவரை ராஸ்டாட்டுக்கும் பாடன்-பாடனுக்கும் இடையே பேருந்துகளை விட்டு ஓரளவு சமாளித்தார்கள். சரக்குக்கு அந்த உபாயம் இல்லை.

வரைபடத்தைப் பார்த்தால் ஐரோப்பாவின் அந்த மூலையில் கோடுகளுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஸிங்கன் வழியாகச் சுவிட்சர்லாந்துக்குப் போகும் கொய் பாதை இருக்கிறது. மேற்கே ரைன் ஆற்றின் மறுகரையில், பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து பாசெல் வரை நல்ல இரட்டைப் பாதையே இருக்கிறது. தொலைவு கூடினாலும் ஆஸ்திரியா வழியாகப் பிரென்னர் கணவாயும் உண்டு. புள்ளியும் கோடுமாகப் பார்ப்பவர் மூன்று மாற்றுகள் என்று எண்ணிக் கணக்கை முடித்துவிடுவார்.

ஒவ்வொன்றிலும் என்ன நேர்ந்தது? கொய் பாதையின் நீண்ட பகுதி ஒற்றைத் தடம். முன்னர் அங்கே இரட்டைத் தடம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அப்பகுதியைக் கையில் வைத்திருந்த பிரெஞ்சு நிர்வாகம் போர் இழப்பீடாக ஒரு தடத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. எழுபது ஆண்டுகள் கழிந்தும் அதை மீண்டும் இடவில்லை. 1946-இல் பெயர்த்த தண்டவாளத்தின் விலை 2017-இல் தெரிந்தது. அல்சாஸ் பாதையிலோ வேறு இடர். ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ரயில்களுக்கு 15 கிலோவோல்ட், 16.7 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருகின்றன; அல்சாஸில் 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ். இரண்டிலும் ஓடும் இன்ஜின் வேண்டும். பிரெஞ்சு சிக்னல் முறைக்கான கருவியும் அதில் பொருத்தியிருக்க வேண்டும். ஜெர்மன் பக்கத்திலிருந்து லாட்டர்பூர்க் வழியாக ஸ்ட்ராஸ்பூர்க் செல்லும் இணைப்புப் பாதையில் மின்கம்பியே இல்லை. அங்கு டீசல் இன்ஜின் தேவைப்பட்டது. அவ்வளவு டீசல் இன்ஜின்கள் கையிருப்பில் இல்லை.

எல்லாவற்றையும்விட இறுக்கமான முடிச்சு மொழி. ஒரு நாட்டின் பாதையில் வண்டி ஓட்டுபவர் அந்நாட்டுக் கட்டுப்பாட்டாளரோடு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. மொழித் தர அளவில் பி1 நிலை வேண்டும். ஜெர்மன் ஓட்டுநர்களில் பிரெஞ்சு தெரிந்து, அந்தப் பாதையும் அறிந்தவர்கள் மிகச் சிலர். தண்டவாளம் காலியாக இருந்த வேளைகளிலும் வண்டியை ஓட்டிச்செல்ல ஆளில்லை. போதாததற்கு, மாற்றாகக் கைகொடுத்திருக்கக்கூடிய தடங்களில் சிலவற்றில் முன்பே தேதி குறித்த பராமரிப்புப் பணிகள் நடந்துகொண்டிருந்தன. பெரும்பாதைக்கு அடியில் இவ்வளவு துணிகரமான வேலை நடக்கும் மாதங்களில் துணைப்பாதைகளைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கவில்லை. நடந்தவற்றில் மன்னிக்க முடியாதது இதுதான் என்பது என் கருத்து. மண் சரிவது பொறியியலின் பிழை. அதை விபத்து என்று சொல்லலாம். துணைப்பாதைகளைக் கேளாமலேயே பெரும்பாதையின் அடிவயிற்றில் கைவைத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு சரக்கு ரயில் அமைப்புகளுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, மொத்தப் பொருளாதார இழப்பு 200 கோடி யூரோவைத் தாண்டும் என்று மதிப்பிட்டது. ரயில் நிறுவனங்களின் இழப்போடு, கச்சாப்பொருள் வந்து சேராத தொழிற்சாலைகளின் இழப்பும் அதில் அடக்கம். 2018-இல் ஐரோப்பிய இருப்புப்பாதை நிர்வாகங்களின் கூட்டமைப்பான ரெயில்நெட்யூரோப் பன்னாட்டு இடர்காலக் கையேடு ஒன்றை வெளியிட்டது. மூன்று நாளுக்கு மேல் நீளும் பெருந்தடங்கலில் எந்த நாட்டு நிர்வாகம் தலைமை ஏற்பது, ஒவ்வொரு வழித்தடத்துக்கும் எவை மாற்றுப்பாதைகள், அவற்றில் எவ்வகை வண்டி போகும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது அதன் உள்ளடக்கம். கோட்டுக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாட்டை 51 நாள் பாடத்துக்குப் பிறகு அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட ஆவணம் என்று அதைச் சொல்லலாம்.

டாலிஷ்: கோட்டையே அழித்த ஊர்

இங்கிலாந்தின் நிகழ்வைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தென்மேற்கே டெவன் கடற்கரையில் டாலிஷ் என்னும் ஊரில் ரயில் பாதை கடல் சுவரின் மீதே செல்கிறது. பொறியாளர் புரூனெல் வகுத்த அந்தப் பாதை 1846-இல் திறந்தது. 2014 பிப்ரவரி 4 இரவு வீசிய புயலில் சுவர் உடைந்து, தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. ஏப்ரல் 4 வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், பிளிமத் நகரும் கார்ன்வால் மாவட்டம் முழுதும் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ரயில் தொடர்பற்றுக் கிடந்தன.

முன்னொரு காலத்தில் இந்நிலை இல்லை. எக்ஸிடரிலிருந்து உள்நாட்டு வழியாக, டார்ட்மூர் மேட்டுநிலத்தைச் சுற்றி, ஓக்ஹாம்ப்டன் ஊரைத் தொட்டுப் பிளிமத்துக்கு இன்னொரு பாதை போனது. அதன் நடுப்பகுதியை 1968-இல் மூடிவிட்டார்கள். டாலிஷுக்கு அருகிலேயே டெயின் பள்ளத்தாக்கு வழியாகச் சென்ற ஒரு சிறு ஒற்றைப் பாதையிலும் 1958-இல் பயணிகள் சேவை நின்றுபோனது. வருமானம் போதாது என்பதே பொதுக் காரணம். கடல் பாதை பழுதாகும் நாட்களில் அந்தச் சிறு பாதைகள் செய்த உதவியை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை; ஆகவே வைக்கவில்லை.

2014 உடைப்புக்குப் பின், ஓக்ஹாம்ப்டன் வழியை மீட்டெடுக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். செலவுக்கு ஈடான பயன் இல்லை என்று முடிவு வந்தது. கடல் சுவரை உயர்த்திக் கட்டினார்கள். எக்ஸிடரிலிருந்து ஓக்ஹாம்ப்டன் வரைக்கும் 2021 நவம்பரில் அன்றாடப் பயணிகள் ரயில் திரும்பியது. அதற்கு அப்பால் பிளிமத் வரை இணைப்பு இல்லை. அந்த முடிவை நான் முழுதும் குறைசொல்லவில்லை. பெயர்த்த பாதையைத் திரும்பப் போடும் செலவு, இருக்கும் பாதையைப் பேணும் செலவைப் போலப் பல மடங்கு. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வுதான் என் வாதத்தின் அடிப்படை. மூடும் நாளில் மிச்சமாகும் தொகை சிறிது. திரும்பப் பெற நினைக்கும் நாளில் கேட்கும் தொகை எந்தக் கணக்கிலும் அடங்காது. எனவே இந்த விவாதம் நடக்க வேண்டிய காலம் மூடுவதற்கு முன்புதான்.

ஒற்றைப் பாதையின் கணக்கு

துணைப்பாதைகள் பெரும்பாலும் ஒற்றைப் பாதைகள். எதிரெதிர் வண்டிகள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். ரயில்வேக்காரர்கள் இதைக் கிராசிங் என்பார்கள். அப்படிப்பட்ட பாதை ஒரு நாளில் எத்தனை வண்டியைத் தாங்கும் என்பதற்கு இந்திய ரயில்வேயில் பழக்கத்தில் உள்ள எளிய வாய்பாடு ஸ்காட் சூத்திரம். ஒரு நாளின் 1,440 நிமிடங்களை, இரு நிலையங்களுக்கு இடையே வண்டி ஓடும் நேரமும் அடுத்த வண்டிக்கு வழி கொடுக்க ஆகும் நேரமும் சேர்ந்த தொகையால் வகுத்து, கிடைப்பதில் 70 விழுக்காட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். கிராசிங் நிலையங்கள் 10 கிலோமீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன. வண்டி 10 நிமிடத்தில் அதைக் கடக்கிறது. வழி கொடுக்க 5 நிமிடம் என்று கொள்வோம். 1,440-ஐ 15-ஆல் வகுத்தால் 96. அதில் 70 விழுக்காடு 67 வண்டிகள். இப்போது செலவைக் குறைக்க ஒன்றுவிட்டு ஒன்றாக நிலையங்களிலிருந்து கிராசிங் வசதியை எடுத்துவிட்டு, வண்டி நின்று செல்ல மட்டும் இடமுள்ள ஹால்ட் ஆக்குகிறோம். இடைவெளி 20 கிலோமீட்டர், ஓடும் நேரம் 20 நிமிடம், வழி கொடுக்க 5. 1,440-ஐ 25-ஆல் வகுத்தால் 57.6, அதில் 70 விழுக்காடு 40 வண்டிகள். அந்தப் பாதையில் அன்றாடம் ஓடுபவை 30 வண்டிகள் என்றால், சாதாரண நாளில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. 30 வண்டிக்கு 40 போதும். ஆனால் பெரும்பாதை துண்டிக்கும் நாளில் துணைப்பாதை ஏற்கக்கூடிய கூடுதல் வண்டிகள் 37-இலிருந்து 10-ஆகக் குறைந்துவிட்டன. மொத்தத் திறனில் இழந்தது ஐந்தில் இரண்டு பங்கு. மாற்றுத் திறனில் இழந்தது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு.

நம் நாட்டில் மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்பாதையாக்கியபோது பல கிளைப்பாதைகளில் நடந்தது இதுவே. தண்டவாளம் அகலமானது; கிராசிங் நிலையங்கள் குறைந்தன. நிலைய அதிகாரி, தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன், வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைன் ஆகியவற்றை எடுத்ததால் மிச்சமான செலவு ஏட்டில் இருக்கிறது. மேற்கண்ட மாதிரியின் 27 வண்டிகளைப் போன்ற இழப்பு எந்த ஏட்டிலும் இல்லை.

விக்கிரவாண்டியில் ஒரு காலை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நகராமல் நின்று பெய்த மழையில் புதுச்சேரியிலும் திண்டிவனத்தை அடுத்த மயிலத்திலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிப் பதிவானது. டிசம்பர் 2 அதிகாலை, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சென்னை எழும்பூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலான இரட்டைப் பாதை நின்றுபோனது. தென் மாவட்டங்களிலிருந்து இரவு முழுதும் வந்த விரைவு ரயில்களில் சிலவற்றை விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னைக்குத் திருப்பினார்கள். பகல் நேர ரயில்கள் பல ரத்தாயின.

எழும்பூர்–விழுப்புரம் 159 கிலோமீட்டர். சென்னை–காட்பாடி 130, காட்பாடி–விழுப்புரம் 161. மொத்தம் 291 கிலோமீட்டர். கூடிய தொலைவு 132 கிலோமீட்டர். காலத்தில் அது பல மடங்கு, ஏனென்றால் காட்பாடி–விழுப்புரம் ஒற்றைப் பாதை. ஆனாலும் அன்று அந்தப் பாதை இருந்தது என்பதே பெரிய செய்தி. 2010-ஐ ஒட்டி அகலப்பாதையாகும்வரை அது மீட்டர் கேஜ். அந்த நிலையில் இந்த வெள்ளம் வந்திருந்தால், வரைபடத்தில் கோடு இருந்தும் ஒரு வண்டி திரும்பியிருக்காது. அகலப்பாதைத் திட்டத்தை விமர்சித்தவர்கள் 'திருவண்ணாமலைக்கு இவ்வளவு செலவா' என்று கேட்டிருக்கலாம். திருநெல்வேலிக்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் அந்தச் செலவில் பங்கு இருந்தது என்பதற்கு டிசம்பர் 2 சான்று.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே புயலில் திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மண்சரிவு நேர்ந்து உயிர்கள் போயின. பெரும்பாதையும் துணைப்பாதையும் ஒரே மேகத்தின் கீழ் இருந்தன. மாற்றுப்பாதையின் முதல் தகுதி, பெரும்பாதையை அடித்த அதே இடர் அதையும் அடிக்காமல் இருப்பது. இரண்டு தடமும் ஒரே கரையில் ஒட்டிச் செல்லும் இரட்டைப் பாதை இதனால்தான் மாற்றாகக் கணக்கில் வராது. கொள்ளளவை அது கூட்டும், பாலம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். காட்பாடி–விழுப்புரம் பாதை செய்யாற்றையும் பாலாற்றையும் மேற்கே, மலைகளுக்கு அருகில் கடக்கிறது. சென்னை–விழுப்புரம் பாதை கிழக்கே சமவெளியில் ஆறுகளைக் கடக்கிறது. மேற்கில் வெள்ளம் முந்தி வரும், முந்தி வடியும். கிழக்கில் பிந்தி வரும். இந்தக் கால வேறுபாட்டை நீர்வளத் துறையின் அளவீடுகளோடு சேர்த்துப் படித்தால், எந்த மணி நேரத்தில் எந்தப் பாதை திறந்திருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும் என்பது என் ஊகம். இதை நம் பொறியியல் கல்லூரிகளில் யாராவது எடுத்து ஆராய வேண்டும்.

விழுப்புரத்துக்குத் தெற்கே நிலைமை இன்னும் நல்லது. திருச்சிக்கு இரண்டு வழிகள். விருத்தாசலம், அரியலூர் வழியாகச் செல்லும் கார்டு லைன். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் பழைய மெயின் லைன். கார்டு லைன் குறுக்குவழி. ஆகவே ரயில்களும் அதன் பக்கம், முதலீடும் அதன் பக்கம். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் குலைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்ததும், ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் இந்தக் கார்டு லைனில் நடந்தவை. அன்று இரண்டு பாதையும் மீட்டர் கேஜ். ஒன்றில் ஓடும் இன்ஜினும் பெட்டியும் மற்றதிலும் ஓடும். அதன் பிறகு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்டு லைன் அகலமானது. மெயின் லைனின் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதி 2010-இல்தான் அகலப்பாதையாகத் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுதும் இரு கோடுகள் அருகருகே இருந்தும் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்தன. முன்னேற்றமே ஒரு தற்காலிகப் பலவீனத்தை உண்டாக்கியது. ஒரு பாதையை மேம்படுத்தும்போது அதன் இணையை எத்தனை ஆண்டு பின்தங்க விடலாம் என்ற கேள்வி திட்ட அறிக்கைகளில் இடம்பெற வேண்டும்.

மாற்றே இல்லாத இடங்களும் உண்டு. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றபின், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் கிடையாது. அங்கே திருப்பிவிடுவதைப் பற்றிப் பேசி என்ன செய்ய?

மலையும் ஓட்டுநரும்

கொங்கண் ரயில்வே இன்னொரு பாடம். 2020 ஆகஸ்டில் கோவாவின் பெர்னெம் சுரங்கப்பாதையில் சுவர் இடிந்தது. 2024 ஜூலையில் அதே பகுதியில் சுரங்கத்துக்குள் நீர் கசிந்து பாதை நின்றது. மும்பைக்கும் கோவாவுக்கும் இடையே புனே, மிரஜ், லோண்டா, மட்காவ் என்று சுற்றுவழி இருக்கிறது. இந்தச் சுற்றில் இரண்டு மலைகள்: மும்பைக்கும் புனேவுக்கும் இடையே போர் காட், லோண்டாவுக்கும் மட்காவுக்கும் இடையே பிரகன்சா காட். இரண்டிலும் ஏற்றம் 37-க்கு 1. முழுநீள ரயிலை ஏற்றப் பின்னாலிருந்து தள்ளும் பாங்கர் இன்ஜின்கள் வேண்டும். எத்தனை வண்டிகளைத் திருப்பலாம் என்பதை அங்கே நிர்ணயிப்பது எத்தனை பாங்கர்கள் தயாராக இருக்கின்றன என்பதே. கேரள ரயில்கள் சிலவற்றைப் பாலக்காடு, ஈரோடு வழியாகக் கிழக்கே சுற்றி விடுவதும் உண்டு.

ராஸ்டாட்டில் மொழி நின்ற இடத்தில் நம்மிடம் நிற்பது பாதை அறிவு. லோகோ பைலட் ஒருவர் ஒரு பிரிவில் தனித்து ஓட்டுமுன், இரவுப் பயணம் உட்பட அதில் பயிற்சிப் பயணம் போயிருக்க வேண்டும். சிக்னல் எந்த வளைவுக்குப் பின் ஒளிந்திருக்கிறது, எங்கே இறக்கம் தொடங்குகிறது, எந்த லெவல் கிராசிங்கில் ஆட்கள் குறுக்கே வருவார்கள் என்பது அவர் உடம்பில் ஏறியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பிரிவில் ஓட்டாவிட்டால் மறுபடி பாதை கற்க வேண்டும். மிக நல்ல விதி இது. இதைத் தளர்த்த யாரும் கேட்கக் கூடாது. ஆனால் இதன் பொருள், ஆண்டில் ஒரு நாள் மட்டும் பயன்படும் மாற்றுப்பாதையில் அந்த ஒரு நாளன்று ஓட்டத் தகுதியானவர் இருக்க மாட்டார் என்பதே. பாதை தெரிந்த இன்னொருவரைத் துணைக்கு ஏற்றி அனுப்புவார்கள். அவர்களும் எண்ணிக்கையில் கொஞ்சமே. மாற்றுப்பாதையில் சில விரைவு ரயில்கள் நிரந்தரமாக ஓடினால் மட்டுமே அந்த அறிவு உயிரோடு இருக்கும்.

பயணிகளுக்குப் பேருந்து, சரக்குக்குக் காத்திருப்பு, ரயிலுக்கு ரத்து என்பதே எளிது, பாதுகாப்பானது என்று வாதிடுவோர் உண்டு. சில நாட்களில் அவர்கள் சொல்வது சரி. பத்து மணி நேரம் தாமதமாக, தண்ணீரும் உணவும் தீர்ந்து, ஒற்றைப் பாதையின் ஏதோ ஒரு லூப் லைனில் கிடக்கும் வண்டி சேவை ஆகாது. அந்தப் பெட்டித்தொடர் திரும்பி வந்து வேறொரு ரயிலாகக் கிளம்ப வேண்டியிருப்பதால், அதன் தாமதம் மறுநாளும் தொடரும். ஆனால் பேருந்து எல்லாவற்றுக்கும் விடையாகாது. 1,200 பேர் இருக்கும் ஒரு ரயிலுக்கு 50 பேர் வீதம் 24 பேருந்துகள் வேண்டும். ரயில் பாலத்தைத் தொட்ட வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையை விட்டுவைப்பதும் அரிது.

நடுவில் நிற்பவர்கள்

மாற்றுப்பாதை குறித்த விவாதங்களில் எனக்கு மிகவும் குறையாகப் படுவது, அவை புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் மட்டுமே பார்ப்பது. கார்டு லைன் ரயில் மெயின் லைனில் திரும்பினால் மதுரைப் பயணி தாமதமாகவேனும் சென்னை சேர்வார். அரியலூரிலும் விருத்தாசலத்திலும் பெட்டி படுக்கையோடு காத்திருப்பவருக்கு அந்த ரயில் ரத்தானதற்குச் சமம். 'திருப்பிவிடப்பட்டது' என்ற சொல் அவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. புள்ளிவிவரத்திலும் அந்த ரயில் 'இயங்கியது' என்றே பதிவாகும். திருப்பிவிட்ட ரயிலைப் புதுப்பாதையில் எங்கெங்கே நிறுத்துவது, விடுபட்ட நிலையங்களுக்கு எந்த இணைப்பு என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டியவை. நள்ளிரவில் ஒரு கண்ட்ரோலர், இருபது வண்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் தீர்மானிக்க வேண்டியவை அல்ல.

யார் ஏட்டில் எழுதுவது

2024 செப்டம்பர் 1 அன்று தெலங்கானாவில் கேசமுத்திரம் அருகே வெள்ளம் தண்டவாளத்தின் அடிமண்ணை அடித்துச் சென்று, சென்னை–டெல்லி பெரும்பாதையின் காசிப்பேட்டை–விஜயவாடா பகுதி நின்றது. அப்போது ரயில்களைக் குண்டூர், பகிடிபள்ளி வழியாகச் செகந்திராபாத் பக்கம் திருப்பினார்கள். அதுவும் ஒற்றைப் பாதை. அந்தக் குண்டூர்–பீபிநகர் பாதையை, 239 கிலோமீட்டர், இரட்டிப்பாக்க மத்திய அமைச்சரவை 2023 ஆகஸ்டிலேயே ஒப்புதல் அளித்திருந்தது. ஒப்புதலுக்கும் வெள்ளத்துக்கும் இடையே ஓராண்டுதான். இப்படி நல்ல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஆனால் அவை கூட்ட நெரிசல், தொலைவுக் குறைப்பு, சரக்கு வருவாய் என்ற காரணங்களால் நியாயப்படுத்தப்படுகின்றன. 'இது இன்ன பெரும்பாதைக்குத் துணை' என்ற வரி தனியாக மதிப்பிடப்படுவதில்லை. மதிப்பிடப்படாத பயனைச் செலவுக் குறைப்பு வரும்போது யாரும் காக்க மாட்டார்கள்.

ஆகவே என் முன்மொழிவு கணக்கு முறை சார்ந்தது. ஒவ்வொரு பெரும்பாதைப் பகுதிக்கும் அதன் துணைப்பாதை எது என்று பெயர் குறிக்க வேண்டும். அந்தத் துணைப்பாதையின் கிராசிங் நிலையங்கள், முழுநீள ரயில் நிற்கும் லூப் லைன்கள், பாதை தெரிந்த ஓட்டுநர்கள் ஆகியவற்றுக்கான செலவில் ஒரு பங்கைப் பெரும்பாதையின் ஏட்டில் எழுத வேண்டும். துணைப்பாதையில் ஒரு நிலையத்தை ஹால்ட் ஆக்க முனைபவர், பெரும்பாதை நிர்வாகத்தின் சம்மதத்தையும் பெற வேண்டும். இரண்டிலும் ஒரே மாதத்தில் பெரும்பணிகள் நடக்கக் கூடாது. ராஸ்டாட்டின் பிழையை நாம் காசு கொடுத்து மீண்டும் கற்க வேண்டியதில்லை. தண்டவாளம் போடும் செலவோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறிய தொகைகள்.

தெற்கு ரயில்வேயின் பாதைகள் இன்று பெரும்பாலும் ஒரே கேஜ், ஒரே மின்னழுத்தம், ஒரே விதிநூல். ஐரோப்பியர்களுக்கு எட்டாத இந்த ஒருமை நமக்கு வாய்த்திருக்கிறது. மிச்சம் இருப்பவை ஆளும் லூப் லைனும் எழுதிவைத்த திட்டமும் மட்டுமே. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். பாதை அறிவு மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடாதபடி, அதற்குச் சற்று முந்தைய வாரங்களில் எழும்பூர்–திருச்சிப் பகுதியின் லோகோ பைலட்டுகளைக் காட்பாடி–விழுப்புரம் பாதையிலும் மெயின் லைனிலும் பகலும் இரவுமாகப் பாதை கற்க அனுப்ப வேண்டும் என்று இத்துறையின் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.